புலம்பாத ஊர்

உப்பளத்தின் வாசலில் ஒரு மண்சட்டி இருந்தது. சட்டி நிறையப் புளியங்கொட்டை. காலையில் பாத்திக்குள் இறங்கும் முன்னால் ஒவ்வொருவரும் ஒரு கொட்டையை எடுத்து நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டார்கள். கங்காணி சந்தனமாரி பக்கத்தில் நின்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். கொட்டை இல்லாத வாயைப் பாத்திக்குள் விடவில்லை.

பசிக்காக இல்லை, தாகத்துக்காகவும் இல்லை. வெயிலைத் திட்டிவிடக் கூடாது என்பதற்காக.

வானம் மனிதர் கைக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. கடலுக்கு மேலே மேகமேய்ப்பிகள் என்ற பறக்கும் இயந்திரங்கள் மேகங்களை ஆட்டு மந்தைபோல ஓட்டித் திரிந்தன. எந்த ஊருக்கு மழை, எந்த ஊருக்கு வெயில் என்பதை வானமைப்பு மையம் கவனித்துக்கொண்டது. தொடக்கத்தில் மக்களிடம் ஓட்டு வைத்துப் பார்த்தார்கள். போட ஆள் வரவில்லை. மனு வாங்கிப் பார்த்தார்கள். வசதியுள்ளவன் மனு முந்திக்கொண்டு போனது. கடைசியில் பொறியாளர்கள் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். மனிதன் மனுவில் பொய் சொல்வான், மேடையில் பொய் சொல்வான். டீக்கடையில் நின்றுகொண்டு வானிலையைப் பற்றிப் புலம்பும்போது மட்டும் பொய் சொல்ல மாட்டான்.

அன்றிலிருந்து புலம்பல்தான் ஓட்டு.

ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் தோலுக்கு அடியில் அரிசியளவு செவிமணி ஒன்று இருந்தது. ஒருவர் "என்ன வெயில்" என்றால் அந்த இடத்துக் கணக்கில் மழைக்கு ஒரு புள்ளி. பக்கத்தில் நிற்பவர் "ஆமா" போட்டால் இன்னொரு புள்ளி. "வெயில் வேணும்" என்று கேட்டால் சேராது. வேண்டுதலில் சுயநலம் கலந்திருக்கும் என்று சட்டம் சொன்னது. இல்லாத மழையைத் திட்டினாலும் சேராது. எந்த இடத்தில் நிற்கிறோமோ அந்த இடத்து வானத்துக்கு மட்டுமே நம் பேச்சு செல்லும். இதனால் பருவம் என்ற ஒன்று பஞ்சாங்கத்தோடு நின்றுபோனது. ஒரு தெருவில் சித்திரையில் அடைமழை, அடுத்த தெருவில் ஐப்பசியில் அனல்.

மற்றவர்களுக்கு இது வசதியாகவும் இருந்தது, வேடிக்கையாகவும் இருந்தது. உப்பளத்துக்கு எமன். உப்பு விளைய வெயில் வேண்டும். உப்பு வாருகிறவர்கள் அந்த வெயிலில் நிற்க வேண்டும். வெயிலில் நிற்கிறவன் வெயிலைத் திட்டாமல் இருந்ததாக உலகத்தில் சரித்திரம் கிடையாது.

இயந்திரங்களை வைத்து வாரிப் பார்த்தது கம்பெனி. உப்புக்காற்றில் மூட்டு அரித்து நின்றுபோயின. மனிதனுக்கும் மூட்டு அரிக்கும். ஆனால் மாற்று மூட்டைக் கம்பெனி வாங்கித் தர வேண்டியதில்லை. ஆகவே மனிதர்களே வாரினார்கள். போன இரண்டு விளைச்சலும் அவர்கள் வாயாலேயே கரைந்து போயின. பாத்தியில் உப்பு பூக்கும் நேரம் பார்த்து யாராவது ஒருவர் "சவத்து வெயில்" என்பார், நாலு பேர் ஆமா போடுவார்கள், சாயங்காலம் மழை வந்துவிடும்.

இந்தத் தடவையும் உப்பு குவிந்து அம்பாரம் ஏறாவிட்டால் அளத்தை மூடிவிட்டு ஆட்களைக் கடலடிச் சுரங்கத்துக்கு அனுப்புவதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. சந்தனமாரியின் புருஷன் ஏற்கெனவே அங்கேதான் இருந்தான். வருஷத்துக்கு ஒருமுறை மேலே வருவான், வேகவைத்த கணவாய் மீன் மாதிரி வெளுத்துப் போய். வந்தால் வெயிலில் போய் நின்றுகொள்வான். உள்ளே கூப்பிட்டாலும் வரமாட்டான்.

சந்தனமாரி முறையாகவும் முயன்று பார்த்தாள். மையத்துக்குப் பேசினாள். திரையில் குளிரூட்டிய அறையில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நாங்க வெயில வையுதது வாய்ப்பழக்கம். வேண்டாம்னு அர்த்தமில்ல. பெத்த பிள்ளையக்கூடச் சனியனேன்னு வையுதோம். அதுக்காகப் பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவியளா?"

"உங்கள் உணர்வு புரிகிறது. ஆனால் பழக்கத்தில் வருவதுதான் உண்மையான கருத்து என்பது மையத்தின் நிலைப்பாடு."

"அப்ப எங்ககிட்ட நேரா ஒரு வார்த்தை கேளுங்க. மழையா வெயிலான்னு கேளுங்க, சொல்லுதோம்."

"நேராகக் கேட்டால் மக்கள் உண்மை சொல்வதில்லை. அது நிரூபிக்கப்பட்டது."

"நாங்க சொல்லுவோம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்று அந்தப் பெண் அன்போடு சொல்லித் திரையை அணைத்தாள்.

அன்றுதான் சந்தனமாரி புளியங்கொட்டைச் சட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்தாள்.

முதல் நாட்கள் நரகம். வெயிலைச் சொல்லாமல் பேச்சை எப்படித் தொடங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. காலையில் எதிரெதிரே வந்தவர்கள் வாயைத் திறந்து, கொட்டை பல்லில் இடற, திரும்ப மூடிக்கொண்டார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே பாத்தியில் நின்று நாள் முழுக்க ஒரு சொல் பேசவில்லை. அதில் இரண்டு பேருக்கும் சந்தோஷம்தான்.

பிலோமினாதான் பெரிய தொல்லை. வாய் ஓயாதவள். ஒரு மத்தியானம் வாருபலகையை ஊன்றி நிமிர்ந்தவள், முதுகைப் பிடித்துக்கொண்டு, தன்னை அறியாமல் சொல்லிவிட்டாள்.

"அடேயப்பா, என்னா வெயிலு!"

"ஆமா, மண்டைய பொளக்கு" என்றார் பக்கத்துப் பாத்தி லிங்கத்துரை.

வாசல் கம்பத்தில் பேச்சுமுள் என்று பெரிய கடிகாரம்போல் ஒன்று இருக்கும். இடது பக்கம் வெயில், வலது பக்கம் மழை. அதன் முள் இரண்டு கோடு வலது பக்கம் நகர்ந்தது. சந்தனமாரி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, வரப்பில் ஓடி வந்தாள்.

"ஏட்டி, ஒன் வாயில என்னத்தட்டி வச்சிருக்க? கொட்ட எங்க?"

"முழுங்கிட்டேன்க்கா."

"முழுங்குனியா! வயித்துல மரம் மொளைக்கட்டும். அண்ணாச்சி, ஒமக்கு என்ன வந்துச்சு? அவ பைத்தியக்காரி, சொல்லிட்டா. நீரு எதுக்கு ஆமா போட்டீரு?"

லிங்கத்துரை தலையைச் சொறிந்தார். "ஒருத்தர் சொன்னா ஆமான்னு சொல்லுததுதானம்மா மரியாத. சும்மா நின்னா மொறைச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்காது?"

"மரியாதையா? கடலுக்கு அடியில போய் மீனுக்குக் காட்டும் ஒம்ம மரியாதைய."

பிலோமினா சிரித்துவிட்டாள். சந்தனமாரி அவள் கையில் இரண்டு கொட்டையைத் திணித்தாள். "ஒன்னு போதாது ஒனக்கு."

மெல்ல மெல்லப் பழகிவிட்டது. வெயில் அசையவில்லை. பாத்தியில் தண்ணீர் சுண்டி, ஓரத்தில் வெள்ளை விளிம்பு கட்டி, பிறகு பாத்தி முழுக்கப் பூத்தது. கண் கூசும் வெள்ளை. பல வருஷமாக யாரும் பார்க்காத விளைச்சல். ஒரு கவலை மட்டும் இருந்தது. சுற்றுப்பட்டு ஊர்களும் மழை போதும் என்று திட்டிவிட்டதால் ஓட்ட இடமில்லாத மேகங்கள் கிழக்கே கடலுக்கு மேல் தேங்கி நின்றன. முதலில் சாம்பல் நிறம். பிறகு எருமை நிறம். தேங்கிய மேகத்தை எந்த ஊர் கூப்பிட்டாலும் அது மழையாக வராது, புயலாக வரும் என்று எல்லாருக்கும் தெரியும். கூப்பிடத்தான் யாரும் இல்லை.

"நாளைக்கு விடிஞ்சதும் வாரிருவோம்" என்றாள் சந்தனமாரி. "ஒரு நாளு. ஒரே ஒரு நாளு வாயக் கட்டுங்க. அம்பாரம் ஏத்திப் படுதாவ போட்டு மூடிட்டம்னா அப்புறம் சூரியன என்ன வேணும்னாலும் வைங்க. நானே மொதல்ல வைவேன். சேத்து வச்சிருக்கேன்."

அன்று மாலை அளத்து மேனேஜர் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"சந்தனமாரி, நமக்கு விருது! இந்தக் கடற்கரையிலேயே கொஞ்ச நாளா ஒரு புலம்பல்கூட இல்லாத இடம் நம்ம அளம்தானாம். மனநிறைவு ஊர்னு மையம் தேர்ந்தெடுத்திருக்கு. இணை ஆணையர் கோகுலநாதன் சாரே நாளைக் காலையில நேர்ல வந்து தர்றாரு."

"மனநிறைவா? யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

சந்தனமாரிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "சார், நாளைக்கு வாரணும் சார். உப்பு ரெடியா நிக்கி. ஒரு நாள் தள்ளி வரச் சொல்லுங்க."

"ஆணையர் கொடுத்த தேதிம்மா. அதை மாத்தச் சொல்ல நான் யாரு? எல்லாரும் வரிசையா நிக்கணும், குளிச்சு, நல்ல துணி உடுத்தி. விழா முடிஞ்சதும் வாரிக்கலாம். உப்பு எங்க ஓடிறப் போகுது?"

விடிந்தது. உப்பு பாத்தியில் பளபளத்துக் கிடந்தது. வாருபலகைகள் சுவரில் சாய்ந்து நின்றன. ஆட்கள் நல்ல துணி உடுத்தி, வரப்பில் வரிசையாக, வாயில் கொட்டையோடு நின்றார்கள். வெயில் ஏறியது. மேனேஜர் அடிக்கடி சாலையைப் பார்த்தார். சந்தனமாரி உப்பைப் பார்த்தாள், கடலுக்கு மேல் நின்ற கறுப்பைப் பார்த்தாள், பேச்சுமுள்ளைப் பார்த்தாள். முள் வெயில் பக்கத்தில் ஆணி அடித்ததுபோல் நின்றது.

உச்சி நேரத்தில் கார் வந்தது. நீளமான குளிர்க் கார். மேலே நாலு படக்கருவிகள் தேனீபோலப் பறந்து வந்தன. கதவு திறந்தது.

வரிசையில் ஒரு சலசலப்பு. லிங்கத்துரைதான் முதலில் கையை வாய்க்குக் கொண்டுபோனார். பெரிய மனிதர் முன்னால் வாயில் எதையாவது அடக்கிக்கொண்டு நிற்பதா? அவர் கொட்டையைத் துப்பி உள்ளங்கையில் மறைத்துக்கொண்டார். அடுத்தவரும் துப்பினார். வரிசை முழுக்க ஒன்றன்பின் ஒன்றாகத் துப்பியது. பிலோமினா இரண்டையும் துப்பினாள். சந்தனமாரி பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களை முறைத்தாள். அதற்குள் ஆணையர் நேராக அவளை நோக்கி நடந்து வரவே, அவளும் அவசரமாகக் கொட்டையைத் துப்பிக் காலால் மண்ணைத் தள்ளி மூடினாள்.

கோகுலநாதன் குளிர்ச்சட்டை போட்டிருந்தார். கழுத்திலிருந்து கணுக்கால் வரை உடம்போடு ஒட்டி, மலைவாசஸ்தலத்துக் குளிரை உள்ளே வைத்திருக்கும் சட்டை. வெயில் அவர் முகத்தில் மட்டும், அதுவும் பத்தடி தூரம் நடந்த நேரத்துக்கு மட்டும் பட்டது. கெட்ட மனிதர் இல்லை. நல்லபடியாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்றுதான் வந்தார். முன்பின் தெரியாத மனிதர்களிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? எல்லாரும் தொடங்குவதுபோல் தொடங்கினார்.

நெற்றியைக் கைக்குட்டையால் ஒற்றினார். வரிசையைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார்.

"அப்பப்பா! என்ன வெயில், இல்ல?"

"ஆமாங்க ஐயா!"

வரிசை முழுவதும் ஒரே குரலில் சொன்னது. மேனேஜர் சொன்னார். ஆணையரோடு காரில் வந்த, படக்கருவிகளை இயக்கும் பையன்கள் சொன்னார்கள். எல்லாவற்றிலும் முதலாவதாகவும் உரக்கவும் வந்தது சந்தனமாரியின் குரல். சொல்லி முடித்த பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது.

வாசல் கம்பத்தில் முள் ஒரே தாவலில் வலது ஓரத்துக்குப் போய் முட்டியது.

ஆணையர் விருதைக் கொடுத்தார். பளிங்கில் செய்த சிரிக்கும் முகம். அவர் கையைக் குலுக்கிக்கொண்டிருக்கும்போதே கிழக்கு இருண்டது. மேய்ப்பிகள் விசிலடித்தன. தேங்கி நின்ற மேகம் முழுவதும், எருமைக் கூட்டம் வேலி முறித்ததுபோல், அளத்தை நோக்கிப் பாய்ந்து வந்தது. காற்று முதலில் படுதாக்களைத் தூக்கிக்கொண்டு போனது. பிறகு மழை. துளி இல்லை, குடம். ஆணையரைக் குடை பிடித்துக் காருக்குள் கொண்டுபோய் ஏற்றினார்கள்.

வெள்ளைப் பாத்திகளில் குழி விழுந்தது. குழிகள் பெரிதாயின. பிலோமினா வாயைத் திறந்தாள். அவள் வாயில் என்ன வார்த்தை வரப்போகிறது என்று சந்தனமாரிக்குத் தெரிந்தது. தன் வாயிலும் அதே வார்த்தைதான் இருந்தது. இப்போதே, எல்லாரும் சேர்ந்து, இந்த மழையைக் காறித் துப்பினால் முள் திரும்பும். பாதி உப்பாவது மிஞ்சும்.

காரின் கண்ணாடி இரண்டு விரற்கடை இறங்கியது. உள்ளேயிருந்து ஆணையர் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் மெய்யான மகிழ்ச்சி.

"பாத்தீங்களா! சொன்ன உடனே மையம் கேட்டுருச்சு. இப்ப ஜில்லுனு இருக்கா? சந்தோஷம்தானே?"

தலையிலிருந்து தண்ணீர் வழிய, வரிசை கலையாமல் நின்றது.

"ஆமாங்க ஐயா!"

கண்ணாடி ஏறியது. கார் மெல்லத் திரும்பி, தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு சாலையில் போனது. அது கண்ணுக்கு மறையும்வரை எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மேனேஜர் கையை ஆட்டினார்.

கார் வளைவில் திரும்பிய பிறகுதான் பிலோமினா தொடங்கினாள். மழையை, மேகத்தை, அதைப் பெற்ற கடலை, அதை ஓட்டி வந்த இயந்திரத்தை, அந்த இயந்திரத்தைச் செய்தவன் வம்சத்தை. லிங்கத்துரை ஆமா போட்டார். வரிசை முழுக்க ஆமா போட்டது. சந்தனமாரி சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னாள். வெயிலுக்கென்று வைத்திருந்ததையும் சேர்த்து மழைக்கே சொன்னாள். யாரும் நெஞ்சில் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

மையம் எல்லாவற்றையும் அக்கறையோடு கேட்டுக்கொண்டது. முள் மெல்லத் திரும்பி வெயில் பக்கம் வந்து நின்றது. மேகம் விலகி, அருமையான வெயில் அடித்தது. பாத்தியில் வெறும் தண்ணீர் பளபளத்தது.