உள்பக்க மூட்டம்

முன்கண்ணாடியில் வெள்ளையாக மூட்டம் படிந்திருந்தது. தீப்பெட்டி அகலத்துக்கு மேல் போகாத கண்ணாடி அது. காரே ஒரு சாண் நீளம்தான். மேசை விளக்கைக் கீழே இழுத்துவிட்டுப் பூதக்கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள். தூசி இல்லை. மெல்லிய துணியால் துடைத்தாலும் போகவில்லை. மூட்டம் உள்பக்கம் இருந்தது.

மாடல் கார் செய்கிறவர்களுக்கு இந்த மூட்டம் ஒன்றும் புதிதல்ல. கண்ணாடிப் பாகங்களை சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினால் அதன் ஆவி போய்ப் படிந்து, தெளிவான பிளாஸ்டிக் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். முதல் கார் செய்கிற எல்லோரும் ஒருமுறை செய்து, தலையில் அடித்துக்கொண்டு, அப்புறம் ஜென்மத்துக்கும் செய்யாத தப்பு. அவளும் செய்து அழுதவள்தான். அதிலிருந்து கண்ணாடிக்கு வெள்ளைப் பசைதான். அது பிடிக்க நேரமாகும், கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும், பிடித்த பிறகும் உள்ளேயிருந்து பலமாகத் தள்ளினால் கையோடு வந்துவிடும். ஆனால் மூட்டம் போடாது.

இந்தக் காருக்கும் வெள்ளைப் பசைதான் போட்டாள். அதில் சந்தேகமே இல்லை.

தூரிகைகளைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்தபோது கண்ணாடி பளிச்சென்று இருந்தது. உள்ளே கறுப்பு டேஷ்போர்டு, குட்டி ஸ்டீயரிங், பழுப்பு இருக்கைகள் எல்லாம் தெரிந்தன. சூப்பர் க்ளூ மூட்டம் ஒருமுறை வந்தால் வந்ததுதான், தானாக அழியாது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டுநர் பக்கத்து மூலையிலிருந்து ஒரு வெண்மை கிளம்பிப் பரவி, சிறிது நின்று, சுருங்கியது. மறுபடி பரவியது. மறுபடி சுருங்கியது. யாரோ நிதானமாக மூச்சு விடுவதுபோல.

அவள் விளக்கை அணைத்தாள். அதற்குள் கை இரண்டு தடவை பொத்தானைத் தவறவிட்டது. அந்தக் கை நடுங்காது என்று பெயர் எடுத்த கை. பகலெல்லாம் பல்செட் செய்யும் கூடத்தில் அடுத்தவர் வாய்க்குப் பல் கட்டுகிற கை. பிளாஸ்டர் மணம் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. வலது கட்டைவிரலின் குறுக்கே, கூடத்துக் கத்தி கிழித்த பழைய வடு ஒன்று ரேகைகளை இரண்டாக வெட்டிக்கொண்டு ஓடும். வீட்டுக்கு வந்தால் அதே கை குட்டிக் கார்களுக்குப் புட்டி பூசும், உப்புத்தாள் தேய்க்கும், பெயின்ட் அடிக்கும். கூடத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

இந்தக் கார் மட்டும் பொழுதுபோக்குக்குச் செய்ததல்ல. கொட்டகையில் நிற்கிற நிஜக் காரின் அச்சு அசல் இது. அந்தக் கார் அவள் கணவருடையது. வாழ்ந்த காலமெல்லாம் அவர் அதைச் சாம்பல் நிறத்தில் வைத்துத் துடைத்துத் துடைத்துக் கும்பிடாத குறையாகக் காப்பாற்றினார். ஸ்டீயரிங்கை அவள் தொட்டதில்லை. கேட்டால் ஒரே பதில்தான். "உனக்கு வராது."

கடைக்குப் போனால் அவளை முன்சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடிகளை ஏற்றி, வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போவார். அஞ்சு நிமிஷம் என்பார். அது எப்போதும் அஞ்சு நிமிஷமாக இருந்ததில்லை. தன் மூச்சு கண்ணாடியில் படிந்து தெருவை மெல்ல மெல்ல மறைப்பதைப் பார்த்துக்கொண்டே அவள் உட்கார்ந்திருப்பாள். திரும்பி வந்தால் மோதிர விரலால் கண்ணாடியில் இரண்டு தட்டு. டிக் டிக். வந்துவிட்டேன் என்று அர்த்தம். அவள் வெறுத்த சத்தம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அதுதான்.

போன வருடம் அவர் அந்தக் காருக்குள்தான் செத்தார். கொட்டகையில், ஸ்டீயரிங் முன்னால், உட்கார்ந்தபடியே நெஞ்சு நின்றுவிட்டது. அவள் போய்ப் பார்த்தபோது கண்ணாடியெல்லாம் உள்பக்கம் மூட்டமாக இருந்தது.

அழுது முடித்தாள். முடித்த கையோடு டிரைவிங் பள்ளியில் சேர்ந்தாள். வந்தது. நன்றாகவே வந்தது. அப்புறம் வண்டிக்கு நிறம் மாற்ற நினைத்து, நிஜத்தில் அடிப்பதற்குமுன் சின்னதில் அடித்துப் பார்க்கலாமென்று அந்த மாடலைப் பாகம் பாகமாக ஒட்டிச் சேர்க்கிற ‘கிட்’ ஒன்றைத் தேடிப் பிடித்தாள். அது என்ஜின் இல்லாத சாதாரண கிட். போனட் திறக்காது, கதவுகளும் திறக்காது, கதவு என்பது பக்கவாட்டில் ஒரு கோடு மட்டும். பாதகமில்லை, அவளுக்கு வேண்டியது நிறம். ப்ரைமர் அடித்து, தேய்த்து, ஏர்பிரஷ்ஷில் மூட்டம்போல மெலிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் அடுத்தது என்று ஏற்றிக்கொண்டே போய், பழுத்த மிளகாயின் சிவப்பைக் கொண்டுவந்தாள். அதை எடுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் காட்டினாள்.

பெயின்ட் அடிக்கிறவர் காரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, பழைய வண்டிக்கு இந்தச் சிவப்பு கண்ணைக் குத்துமே."

"குத்தட்டும் தம்பி. அதுக்குத்தானே அடிக்கிறது."

கொட்டகையில் இப்போது நிற்பது சிவப்புக் கார். மேசையில் இருப்பதும் சிவப்புக் கார். இரண்டுக்கும் அளவு தவிர வித்தியாசம் கிடையாது. இரண்டு பெயின்ட்டும் இன்னும் லேசாக மணத்தன.

மறுநாள் அந்தி மழையோடு இருட்டிக்கொண்டு வந்தபோது மகளிடமிருந்து போன் வந்தது. மகள் பிரசவம் முடிந்து மருத்துவமனையில் இருந்தாள். காலையில் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம்.

"அம்மா, நாங்க டாக்ஸி போட்டு வந்துடறோமே. நீ ஏன் சிரமப்படணும்?"

"டாக்ஸியா? பெயின்ட் அடிச்சு வச்சிருக்கிறது அழகு பார்க்கவா? நான் வர்றேன்."

"அப்பா வண்டியில குழந்தையை..." மகள் நிறுத்தினாள். "எனக்கு என்னமோ அது பிடிக்கலம்மா. சின்ன வயசுல என்னையும்தானே உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போவார்."

"அது அப்பா வண்டி இல்ல. என் வண்டி. தைரியமா இரு."

போனை வைத்தாள். அறை அமைதியானது. ஜன்னலில் மழை, அலமாரியில் கடிகாரம், பெயின்ட் கரைக்கிற தின்னரின் காரமான வாடை, அதற்கும் அடியில் வேறு ஏதோ ஒரு வாடை; பழைய சீட் உறையும் தலைக்கு வைக்கிற எண்ணெயும் அடைபட்ட வியர்வையும் கலந்து, வெயிலில் பூட்டிக் கிடந்த காரைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை. அவளுக்கு அது மறக்குமா என்ன. மேசையிலிருந்து வந்தது.

டிக் டிக்.

ஊசி முனையால் தட்டியதுபோலச் சின்னச் சத்தம்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு மேசை முன்னால் உட்கார்ந்தாள். ஓடிப் போவதற்கு இது யார் வீடு? முன்கண்ணாடி முழுதும் வெளுத்திருந்தது. ஓட்டுநர் பக்கத்தில் மட்டும் கடுகளவு ஒரு வட்டம் தெளிவாக இருந்தது. உள்ளேயிருந்து புறங்கையால் துடைத்த மாதிரி. அவர் அப்படித்தான் துடைப்பார்.

"நீங்கதானா?" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடத் தெளிவாக வந்தது. "எனக்கு அப்பவே தெரியும். சிவப்பு பிடிக்கலையா?"

டிக் டிக்.

"பிடிக்காட்டி போங்க. நாளைக்கு என் பேரப்பிள்ளை அந்த வண்டியில வரும். நான் ஓட்டுவேன். உங்களுக்கு அதுல இடம் கிடையாது."

தட்டுதல் வேகமானது. அதே பொறுமையின்மை, அதே அதிகாரம். காரைத் தூக்கிச் சுவரில் அடித்திருக்கலாம். காலடியில் போட்டு நசுக்கியிருக்கலாம். அவள் நினைக்காமல் இல்லை. ஆனால் அந்தச் சிவப்பைக் கொண்டுவர எத்தனை பூச்சு, எத்தனை தேய்ப்பு. ஒரு தூசி விழாமல், ஒரு வழிசல் இல்லாமல் அவள் செய்த முதல் கார் அது. அவருக்குப் பயந்து அதை உடைப்பதா? இத்தனை வருஷம் அவருக்காக உடைத்துக்கொண்டது போதாதா? மாடல் செய்கிற கைக்குத்தான் இந்தப் பிடிவாதம் வரும்.

சிவப்பு உடம்பு முழுவதையும் மாஸ்கிங் டேப்பால் மூடினாள். கண்ணாடிகள் மட்டும் வெளியே தெரிந்தன. கறுப்பு ஸ்ப்ரே டப்பாவை எடுத்துக் குலுக்கினாள்.

"மூச்சு விடறதுன்னா விட்டுக்குங்க. பார்க்கிறதுக்கு ஜன்னல் கிடையாது."

முதலில் புள்ளி புள்ளியாக விழுந்தது. பிறகு புள்ளிகள் ஒன்றுசேர்ந்தன. பக்கக் கண்ணாடிகள், பின்கண்ணாடி, கடைசியாக முன்கண்ணாடி. கடுகளவு வட்டம் கறுத்து மறைந்தபோது உள்ளே தட்டுதல் தடதடவென்று ஒலித்து, சட்டென்று நின்றது. முன்கண்ணாடி லேசாகத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தாள். பதறிப்போய், ஈரம் காயாததை மறந்து, கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டாள். எடுத்தபோது கறுப்பில் அவள் ரேகை பதிந்திருந்தது. நடுவில் வடு.

கற்றுக்குட்டித் தப்பு. அவள் சிரித்தேவிட்டாள். காய்ந்ததும் தேய்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் மழை விட்டிருந்தது. கொட்டகைக் கதவை அகலத் திறந்தாள். வெளிச்சம் உள்ளே போய்ச் சிவப்பின்மேல் விழுந்தது. காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்தாள். எல்லாம் சுத்தம். எல்லாம் தெளிவு. பின்சீட்டில் குழந்தைக்கு விரிக்க மெத்தென்ற துண்டை வைத்தாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தினாள்.

வழக்கமான சத்தம் வரவில்லை. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் பொருந்துகிற, மொட்டையான ஒரு சத்தம்.

தின்னர் வாடை.

முன்கண்ணாடியில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. கொட்டகை வாசலில் தெரிந்த வெளிச்சம் புள்ளி புள்ளியாகக் குறைந்தது. பக்கங்களில். பின்னால். புள்ளிகள் ஒன்றுசேர்ந்தன. அவள் கதவுப் பிடியைத் தேடினாள். பிடி இருந்தது, இழுத்தால் அசையவில்லை. கதவின் இடுக்கில் நகத்தைக் கொடுத்தாள். இடுக்கு இல்லை. கோடு. வெறும் கோடு.

சாவியைத் திருப்பினாள். ஒன்றுமில்லை. ஒரு முனகல்கூட இல்லை. போனட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்.

இருட்டு. முழு இருட்டும் இல்லை. எதிரே, கண்ணாடியின் ஓர் ஓரத்தில் வளைந்து வளைந்து மெல்லிய வெளிச்சக் கீற்றுகள், ஆள் தலையைவிடப் பெரிய சுழி. குறுக்கே ஒரு வெட்டு. அவளுடைய ரேகை.

அந்தக் கீற்றுகள் மங்கின. தெளிந்தன. மறுபடி மங்கின. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூட்டம் அவளுடையதல்ல.

பக்கத்து இருக்கை, அவள் காலமெல்லாம் உட்கார்ந்த இருக்கை, கனம் தாங்காமல் கிறீச்சிட்டது. தலை எண்ணெய் வாடை. இடது தோளில் ஒரு தோள் வந்து உரசியது. சில்லென்று. காதோரம், மெல்ல:

"உனக்கு வராது."

அவளுக்குப் பயம் வந்தது. ஆனால் அதைவிட வேகமாகக் கோபம் வந்தது.

"தள்ளி உட்காரு," என்றாள். வாழ்நாளில் முதல்முறையாக அவரை ஒருமையில். "இதை ஒட்டினவ நான். எதுல எந்தப் பசை போட்டேன்னு எனக்குத் தெரியும்."

இருக்கையில் சாய்ந்தாள். இரண்டு காலையும் ஸ்டீயரிங்குக்கு மேலே தூக்கி முன்கண்ணாடியில் பதித்தாள். வெள்ளைப் பசை. உள்ளேயிருந்து தள்ளினால் வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்தாள். கண்ணாடி முனகியது. இன்னொரு உதை. மேல் விளிம்பு படக்கென்று விட்டது. வெளிச்சம் பாய்ந்தது, மேசை விளக்கின் மஞ்சள் வெளிச்சம். காற்று வந்தது. அவள் சிரித்தாள். வருகிறது. வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு உதை.

வெளிச்சம் மறைந்தது. காற்றோடு பிளாஸ்டர் மணம் வந்தது. மேலேயிருந்து, அவசரமே இல்லாமல், சுவர் அகலத்துக்கு ஒரு கட்டைவிரல் இறங்கியது. குறுக்கே பழைய வடு. அது கண்ணாடியைத் தொட்டு, விளிம்பைச் சரிபார்த்து, இருந்த இடத்தில் திரும்பப் பொருத்தியது. வலிக்காமல். அக்கறையாக. பசை பிடிக்கும்வரை எடுக்கக் கூடாது என்று தெரிந்த விரல்.

பக்கத்தில் மோதிரம் இரண்டு முறை தட்டியது.

அவள் கால்களை மறுபடி தூக்கிக் கண்ணாடியில் வைத்து உதைத்தாள். விரல் அசையவில்லை. மறுபடி உதைத்தாள். விரல் இன்னும் கொஞ்சம் அழுத்தியது.