ஈரச் சாக்கின் மேல் ஒரு ஸ்பானர்

காலை 6.10.

ஆனைக்குட்டம் விலக்கைத் தாண்டி, கருவேலங்காட்டை ஒட்டி ஒரு வெள்ளைக் கார் ஜாக்கியின் மேல் நின்றது. பின்பக்க இடது சக்கரம் கழற்றப்பட்டிருந்தது. பக்கத்தில் நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனி முதலாளி சங்கரலிங்கம் குப்புறக் கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. அவரைத் தூக்கிவிடப் போராடிக்கொண்டிருந்தான் பஞ்சர் கடை தவுபிக். அவன் சட்டையெல்லாம் ரத்தம். பால் வண்டிக்காரர் பார்த்தது அதைத்தான். போலீஸ் எழுதிக்கொண்டதும் அதைத்தான்.

காலை 9.20.

தவுபிக்கின் அக்கா பெனாசிர் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தாள். சிவகாசியில் டூல்ஸ் கடை வைத்திருப்பவள். வாப்பா மவுத்தானபின் அவளுக்கென்று மிஞ்சியது இந்த ஒரு தம்பிதான். பதினொன்றரைக்கு அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். கொலைக் கேஸில் உள்ளே போனவன் எப்போது வெளியே வருவான் என்று யார் சொல்ல முடியும்?

இன்ஸ்பெக்டர் சரவணக்குமார் உறையில் போட்ட வீல் ஸ்பானரைக் காட்டினார்.

"உங்க கடைச் சாமானா?"

"ஆமா சார். நேத்து அண்ணாச்சியே வந்து வாங்குனாக. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொண்ணு கொண்டாரச் சொன்னீக. பையில இருக்கு."

நேற்றுச் சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் சங்கரலிங்கம் கடைக்கு வந்தது அவள் கண்ணிலேயே நின்றது.

"கார்ல கிடக்கிற எல் ஸ்பானருக்கு வாய் தேஞ்சுபோச்சும்மா. நட்டுல நிக்க மாட்டேங்குது. விலை குறைச்சலா, உருப்படியா ஒண்ணு குடு. விடியக்காலம் விருதுநகர் போறேன். வழியில நிக்கப்படாது."

"சாதா எல் இருநூறு. ப்ளஸ் ஸ்பானர் நானூத்தம்பது, ரெண்டு கையும் போட்டுத் திருகலாம். பேட்டரி கன் ஐயாயிரத்துக்கு மேல அண்ணாச்சி."

"ஐயாயிரமா! நட்டு கழட்டவா, ராக்கெட் விடவா?" சிரித்தவர் வலது தோளைத் தொட்டுக் காட்டினார். "பழைய தீக்காயம். கை ஏறாது. ப்ளஸ் எனக்கு ஆகாது."

அன்று மதியம்தான் இறங்கியிருந்த புதுப் பெட்டியை அவள் பிரித்தாள். நீட்டிக்கொள்ளும் ஸ்பானர், அறுநூற்றைம்பது. கைப்பிடியை நீட்டிக் காலால் மிதித்தால் எப்பேர்ப்பட்ட நட்டும் இளகிவிடும். ஒரே ஒரு கோளாறு, வெறுமனே இழுத்தால் வராது. இடப்பக்கம் அரைத் திருகு திருகி, உள்ளே ஒரு தள்ளு தள்ளி, அப்புறம்தான் இழுக்க வேண்டும். அண்ணாச்சிக்கு அது பிடிபடப் பத்து நிமிடம் ஆனது.

"பித்தளையில கிடையாதா? அதுல பொறி பறக்காது."

"பித்தளை நட்டுக்குத் தாங்காது அண்ணாச்சி."

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த தவுபிக், கையிலிருந்த ஸ்பானரை நின்ற இடத்திலிருந்தே சிமெண்டுத் தரையில் வீசினான். ணங்கென்று விழுந்தது. சங்கரலிங்கம் துள்ளிவிட்டார்.

"எறியாதேலேன்னு எத்தனை தடவ சொல்றது!" என்று கத்தினாள் பெனாசிர்.

"ஏலே, எங்க கம்பெனியில இப்படிப் போட்டா நாம ரெண்டு பேரும் வானத்துலதான். வெடிமருந்து இருக்கிற இடத்துல இரும்பைக் கீழ போட மாட்டோம். ஈரச் சாக்கு விரிச்சு அது மேல வைப்போம்." படி இறங்கும்போது அவர் முகம் மாறியது. "விஸ்வநத்தத்துல கருகிப்போன நாலு பொம்பளைகளுக்காக விருதுநகர்ல கலெக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்மா. அதுக்குத்தான் போறேன்."

போன மாதம் அந்த ஊரில் கள்ளத்தனமாகப் பட்டாசு செய்த ஒரு தகரக் கொட்டகை வெடித்தது. அங்கே மருந்து எங்கிருந்து வந்தது என்பது இதுவரை யாருக்கும் தெரியாது.

காலை 9.45.

"போட்டோ இருந்தா காட்டுங்க சார்."

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் யோசித்துப் போனை நீட்டினார். காருக்குப் பின்னால் நாலடி தள்ளி ஒரு கோணிச் சாக்கு விரிந்து கிடந்தது. சாக்கின் மேல் நட்டுகள், பக்கத்தில் ரத்தம் தோய்ந்த ஸ்பானர். சற்றுத் தள்ளி ஒரு காலித் தண்ணீர் கேன்.

"சாக்கு ஈரமா சார்?"

"சொதசொதன்னு. ரேகை ஒண்ணும் தேறல. முட்டி போட விரிச்சிருப்பான்."

"முட்டி போடணும்னா சக்கரத்துக்கிட்டல்ல விரிக்கணும்? டிக்கியில என்ன இருந்துச்சு?"

"காலி."

பெனாசிர் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தவுபிக் சொன்னது நினைவுக்கு வந்தது. ஸ்டெப்னியில் காற்று இல்லை என்று ஐந்தே முக்காலுக்கு அண்ணாச்சி போன் செய்தாராம். பம்பைத் தூக்கிக்கொண்டு இவன் போனபோது ஆள் கிடந்தாராம்.

"அண்ணாச்சி தனியாவா போனாக?"

எதிர் நாற்காலியிலிருந்த ஆள் முந்திக்கொண்டு பதில் சொன்னார். பாண்டிமுருகன், கம்பெனியின் போர்மேன். இருபது வருஷமாக மருந்து அறையில் வேலை. வாக்குமூலம் கொடுக்க வந்திருந்தார்.

"தனியாத்தான்மா. நான் கம்பெனியில இருந்தேன்."

"இந்த ஸ்பானரை அவுக உங்ககிட்ட காட்டுனாகளா?"

"இல்லம்மா. இப்பத்தான் முதத் தடவ பார்க்கிறேன்."

பெனாசிர் பையிலிருந்து புதுசை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள். "இது நீளும் சார். எம்புட்டு தூரம்னு பாருங்க."

சரவணக்குமார் இழுத்தார். வரவில்லை. மேசை விளிம்பில் முட்டுக்கொடுத்து மறுபடி இழுத்தார். முகம்தான் சிவந்தது.

"இங்கன குடுங்க சார்" என்று பாண்டிமுருகன் கை நீட்டி வாங்கினார். இடப்பக்கம் அரைத் திருகு, உள்ளே ஒரு தள்ளு, ஒரு இழுப்பு. கைப்பிடி வழுக்கிக்கொண்டு நீண்டது. தோள் துண்டை எடுத்து மேசையில் மடித்துப் போட்டு, அதன் மேல் ஸ்பானரைச் சத்தமில்லாமல் வைத்தார்.

பிறகுதான் எல்லோர் கண்ணும் தன் மேல் இருப்பதைப் பார்த்தார்.

"நேத்து மதியம் வந்த சரக்கு" என்றாள் பெனாசிர். "இதுவரை வித்தது ஒண்ணே ஒண்ணு, அண்ணாச்சிக்கு. முதத் தடவ பார்க்கிறவுகளுக்கு இந்தத் திருகு எப்படித் தெரியும்? காலையில அவுக சொல்லிக் குடுக்க, நீங்கதான நட்டைக் கழட்டுனீக?"

பாண்டிமுருகன் துண்டின் மேலிருந்த கையை இழுத்துக்கொண்டார்.

"சார், என் தம்பி ஸ்பானரை எறியிறவன். அடிச்சிட்டு ஓடுற எவனும் எறிவான். ஆனா இந்த ஸ்பானர் ரத்தத்தோட சாக்குக்குத் திரும்பியிருக்கு. செத்தவுக எந்திரிச்சு வைக்க முடியுமா? ஆளைக் கொன்ன பதட்டத்துலயும் இரும்பைப் பதமா வைக்கிற கை, மருந்து அறைக் கை. ஈரச் சாக்கு விரிச்சதே கார்ல மருந்து இருந்ததாலதான், அது தெரிஞ்சவரு கை. அந்தக் கொட்டகைக்கு மருந்து குடுத்தது இவரு. அது அண்ணாச்சிக்குத் தெரிஞ்சுபோச்சு, அந்த மருந்து மூட்டையையே அத்தாட்சியா எடுத்துக்கிட்டுக் கிளம்புனாக. அதான் டிக்கி காலி."

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். "மூட்டை எங்கய்யா?"

பாண்டிமுருகன் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கூட வந்து நீயே வாயால சொல்லிருன்னாக அண்ணாச்சி. சொன்னா வெளிய விட்டுருவாகன்னாக. வழியெல்லாம் கெஞ்சிப் பார்த்தேன் சார். கேக்கல."

"மூட்டை எங்க?"

"வேலையாளுக பஸ்லதான் கொண்டுபோனேன். வீட்டுல, கட்டிலுக்கு அடியில."

"வீட்டுல யாரு இருக்கா?"

"எம் பொண்டாட்டி அழகுமீனா. சமைச்சுக்கிட்டு இருப்பா."

சரவணக்குமார் வாசலுக்குப் பாய்ந்தார். போர்மேன் அப்போதுதான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். தொழிலாளிகள் நெருக்கியடித்து வந்த பஸ்ஸில், நாற்பது பேர் காலடியில் அந்த மூட்டை போயிருக்கிறது என்பது பெனாசிருக்கு அப்போதுதான் உறைத்தது.

பகல் 12.30.

மூட்டையைப் பத்திரமாக எடுத்துவிட்டார்கள். அடுப்பிலிருந்து எட்டடி தூரத்தில் இருந்ததாம். அழகுமீனா தெருவில் நின்று, புருஷன் எங்கே என்று போலீஸைக் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள்.

ஸ்டேஷனில் விட்டுவிட, தவுபிக் நேரே அக்கா கடைக்கு வந்தான். சட்டையில் அண்ணாச்சியின் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. பலகையில் கிடந்த ஒரு ஸ்பானரை எடுத்தான், வெறித்துப் பார்த்தான், பிறகு வழக்கம்போலத் தரையில் வீசினான். ணங்கென்று விழுந்து, ஒரு சின்னப் பொறி பறந்து அணைந்தது.

"மன்னிச்சுக்க லாத்தா" என்றான் பதறி.

பெனாசிர் திட்டவில்லை. "எறிலே. இன்னொரு தடவ எறி" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, காலையிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம் அழுது தீர்த்தாள்.