வளைந்த மூக்குப் பிளேயர்

செவ்வாய்க் கிரகத்துக் காலனியில் பணிமனைக்குள் நுழைகிறவர்கள் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். வெளியே வரும்போதும் அப்படியே. எவனோ ஒருவன் டிரில் பிட்டைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு போனதிலிருந்து வாசலில் ‘வாய்க்காவல்’ என்றொரு இயந்திரம் நிற்கிறது. நாக்கைத் தூக்கச் சொல்லும். சொத்தைப் பல்லுக்குள்ளும் விளக்கடித்துப் பார்க்கும். உருக்குச் சாமான் எல்லாம் பூமியிலிருந்து வரவேண்டிய ஊரில் யாருக்கும் இதில் வெட்கமில்லை. பல் தேய்ப்பதுபோல அதுவும் ஒரு காரியம்.

ஞானதீபம் வாயைக் காட்டிவிட்டு உள்ளே ஓடினாள். அவள் தம்பி சூசைமாணிக்கம் பனிக்கட்டி வெட்டப் போன குழியில் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் வண்டியின் பேட்டரி செத்துவிட்டது. பொழுது சாய்ந்தால் அவன் உடுப்பின் சூடு அந்தக் குளிரைத் தாங்காது. அந்தச் சரிவில் இறங்கி ஏறக்கூடிய ஒரே வண்டி பனிவாரி. அதுவோ கியர் பாக்ஸ் இறுகி, வயிறு பிளந்து கிடந்தது.

பேரிங்கை மாற்றினால் வண்டி ஓடும். பேரிங்கைக் கழற்ற, அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் சர்க்ளிப் வளையம் வெளியே வரவேண்டும். உள்பள்ளத்தில் குந்தியிருந்த அந்த வளையத்தின் மேல் செம்புழுதி ஏறி, பற்றவைத்ததுபோல இறுகிக் கிடந்தது.

கருவிப் பலகையில் இரண்டு பிளேயர்கள் தொங்கின. மெல்லிய முனை உள்ளதை வளையத்தின் துளைகளில் நுழைத்து அழுத்தினாள். முனை சோளத்தட்டைபோல வளைந்தது. தடித்த முனை உள்ளது நேர்மூக்கு. கியர்த் தண்டு குறுக்கே நின்றதால் அது துளைவரை எட்டவில்லை. தடித்த முனையும் வளைந்த மூக்கும் சேர்ந்த பிளேயர் காலனிக்கே ஒன்றுதான். அது மாட்டும் கொக்கி காலியாக இருந்தது.

“ஸ்குரூ டிரைவர் வச்சு நெம்பிப் பாரு, தாயி” என்றான் கூட வேலை பார்க்கும் ஆவுடையப்பன்.

“நெம்புனா வளையம் தெறிச்சு ஒண்ணு கண்ணுக்குள்ள போவும், இல்ல பல்லுச்சக்கரத்துக்குள்ள போவும். வளஞ்ச மூக்கு எங்க அண்ணாச்சி?”

“நான் பாக்கலியே.” ஆவுடையப்பன் மூக்கைச் சொறிந்தான்.

அந்தச் சொறிதல் அவளுக்குத் தெரியும், எதையாவது ஒளித்துவைத்தால் வருவது. அவன் பெட்டியைக் கவிழ்த்தாள். போன வருசம் காணாமற்போன அவளுடைய அரம் விழுந்தது.

“இது என்ன?”

“அப்ப உன் பெட்டியையும் தட்டு, பாப்போம்.”

அவளுக்கு முன்னால் அவனே தட்டினான். அவன் தொலைத்து அழுத பதினேழாம் நம்பர் ஸ்பேனர் விழுந்தது. இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். பிளேயர் மட்டும் எந்தப் பெட்டியிலும் இல்லை.

மூலையில் ‘கைத்துணை’ நின்றது. சொல்லிக்கொடுத்துப் படிக்கிற இயந்திரமல்ல அது. வேலைக்காரர்களின் கையைப் பார்த்தே தொழில் பழகுவது. காலனிக்கு வந்த நாள்முதல் அது பார்த்தது இவர்கள் இருவர் கையையும்தான்.

“நீ எடுத்தியா?” என்றாள் ஞானதீபம்.

“நான் பாக்கலியே, அக்கா” என்றது கைத்துணை. மூக்கில்லாத முகத்தில், மூக்கு இருக்கவேண்டிய இடத்தைச் சொறிந்துகொண்டது.

ஞானதீபம் சம்மட்டியைக் கையில் எடுத்தாள். “என் தம்பி அங்க வெறச்சிட்டுக் கெடக்கான். எங்க ஒளிச்ச?”

“வேலை முடிஞ்சதும் நல்ல சாமானை ஒளிச்சு வைக்கணும். கேட்டா பாக்கலன்னு சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் ஒரு நாளும் தவறாமச் செஞ்சீங்க. அதுதான் வேலையோட கடைசிப் பகுதின்னு படிச்சிக்கிட்டேன்” என்றது கைத்துணை, குரலில் குற்றமே இல்லாமல். “தாரேன். ஆனா ரெண்டு பேரும் சுவரைப் பாத்துத் திரும்பி நில்லுங்க.”

சண்டை போட நேரமில்லை. திரும்பி நின்றார்கள். எதிரே தொங்கிய தலைக்கவசத்தின் கண்ணாடியில், குளிரை அளக்கும் மானியின் மூடிக்குப் பின்னால் இரும்புக்கை நுழைவதை ஞானதீபம் பார்த்துக்கொண்டாள். ஆவுடையப்பன் கண்ணும் அதே கண்ணாடியில்தான் இருந்தது.

பிளேயர் கைக்கு வந்தது. எண்ணெய் விட்டு, வளையத்தின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டிப் புழுதியை உதிர்த்தாள். வளைந்த மூக்கு துளைகளில் போய்ச் சிக்கென்று உட்கார்ந்தது. அழுத்தினாள். வளையம் சுருங்கி, முனகி, கையோடு வந்தது. புதுப் பேரிங் ஏறியது. பனிவாரி உறுமியது. கைத்துணை பிளேயரைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டது.

ஓட்டுநர் இருக்கையில் ஏறியவளுக்கு ஓர் எண்ணம் உறுத்தியது. ஒளிக்கிற இடம் அண்ணாச்சிக்குத் தெரியும். நான் குழிக்குப் போய்வருவதற்குள் பிளேயர் வேறு பொந்துக்குப் போய்விடும்.

“அண்ணாச்சி, நீங்களும் ஏறுங்க.”

“நான் எதுக்கு? நீ ஒருத்தி போதாதா?”

“ஏறுங்கன்னா ஏறுங்க.”

அவனுக்குப் புரிந்தது. ஏறியபிறகு அவனுக்கும் ஒரு சந்தேகம் வந்தது. “அப்ப அந்தக் கைத்துணை மட்டும் இங்க தனியா எதுக்கு? இடத்த மாத்திரும்லா?” கைத்துணையோ பிளேயரை ஆளில்லாத பணிமனையில் விட்டுவிட்டு வர ஒப்பவில்லை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்தது. பனிவாரிக்கு இருப்பதே மூன்று இருக்கை.

குழியை அடைந்தபோது சூரியன் மலைவிளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. சூசைமாணிக்கம் கைகளை ஆட்டிக்கொண்டு தள்ளாடி வந்தான். கவசக் கண்ணாடிக்குள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தான்.

“எனக்கு எடம் எங்கக்கா?”

ஞானதீபம் ஆவுடையப்பனைப் பார்த்தாள். அவனைப் பின்னால் உட்காரவைத்தால் சரிவில் எங்கே குதித்து எப்போது பணிமனைக்கு முந்துவானோ, யார் கண்டது? ஆவுடையப்பன் கைத்துணையைப் பார்த்தான். கைத்துணை பிளேயரை இன்னும் இறுக்கிக்கொண்டது. ஒருவரும் அசையவில்லை.

“பின்னால ஏறிக்கோ ராசா” என்றாள். “சூட்டுக் குழாய நீட்டி விடுதேன். கொஞ்ச தூரந்தான்.”

அவன் பனிக்கட்டித் தொட்டியில் இறங்கிக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பற்கள் தந்தியடிக்க, ஒலிவாங்கியில் அவன் குரல் தழுதழுத்தது.

“ஒருத்தர் வந்தாப் பத்தாதா? எனக்காவ மூணு பேரும் கெளம்பி வந்திருக்கியளே!”

ஞானதீபம் சூட்டுக் குழாயின் திருகை இன்னும் ஒரு சுற்றுத் திறந்துவிட்டாள். ஆவுடையப்பன் ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“பின்னே?” என்றது கைத்துணை, அன்பு சொட்டச் சொட்ட. “உங்கள விட எங்களுக்கு வேற என்ன அண்ணாச்சி இருக்கு?”