புதுசு ஏன் தோற்றது?

பள்ளிக்குப் புதிய கணினி வந்த நாளிலிருந்து ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. சிறுசேரியில் உள்ள ஓர் அலுவலகம் அதை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தது.

"பழசை விட இது ரெண்டு மடங்கு வேகம்" என்றார் தீனதயாளன் சார்.

"எப்படி சார்?" என்று கேட்டாள் பூங்கொடி.

"கணினியில வேலை எல்லாத்தையும் செய்யறது பிராசஸர்னு ஒரு சின்ன சில்லு. பழசுல இருக்கிற பிராசஸருக்கு நாலு கைன்னு வெச்சுக்கோ. புதுசுக்கு எட்டு. எட்டுக் கையால பாத்திரம் தேய்ச்சா சீக்கிரம் முடியுமா, முடியாதா?"

"முடியும் சார். ஆனா எட்டுக் கைக்கும் வளையல் கேட்டா எங்கப்பா வூட்ட வுட்டே ஓடிப்புடுவாரு" என்றாள் ஜெசிந்தா. வகுப்பே சிரித்தது.

ஜெசிந்தா எப்போதும் அப்படித்தான். பூங்கொடியின் பக்கத்து இடம் அவளுடையது. மறுநாள் செங்கல்பட்டில் நடக்கும் அறிவியல் கண்காட்சிக்காக, கடலாமைக் குஞ்சு ஒன்று மணலைக் கடந்து கடலுக்குப் போகும் கதையை மாணவர்கள் குட்டிப் படமாக எடுத்திருந்தார்கள். அதில் வரும் ஆமைகள் அத்தனையும் ஜெசிந்தா வரைந்தவை. வருகிறவர்களுக்குப் படத்தை விளக்கப் போகிறவளும் அவளே.

படங்களையும் குரலையும் சேர்த்து ஒரே படமாக ஆக்குவது கணினிக்குப் பெரிய வேலை. அதே வகுப்பு ஜான்சனுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"சார், ரெண்டு கம்ப்யூட்டர்லயும் ஒரே வேலையைக் குடுத்து ஒண்ணா பட்டனைத் தட்டலாம். எது ஜெயிக்குதுன்னு பாப்போம்!"

சார் சம்மதித்தார். இரண்டு திரைகளிலும் பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. புதுசின் கோடு விறுவிறுவென்று பாய்ந்தது. பழசின் கோடு பின்னாலேயே மெல்ல வந்தது. எல்லாரும் புதுசுக்குக் கை தட்டினார்கள்.

பாதி தாண்டியதும் புதுசின் கோடு தயங்கியது. பிறகு ஊர்ந்தது. பழசு தன் போக்கில் வந்து, அதைத் தாண்டி, வேலையை முடித்தே விட்டது.

தட்டிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

"நேத்து கரண்ட் போய் வந்தப்போ ஜெசிந்தாதான் புதுசுல ஒக்காந்துகினு இருந்தா. சுவிட்சை டக்குனு அமுக்கிட்டா. அதான் கெட்டுப் போச்சு!" என்றான் ஜான்சன்.

"நா வேணும்னு பண்ணல..." ஜெசிந்தாவின் குரல் உடைந்தது.

"யாரையும் குத்தம் சொல்லாதப்பா" என்றார் சார். ஆனால் அவர் முகமும் வாடியிருந்தது. "மதியம் அந்த ஆபீசுக்கே போன் பண்ணி, திருப்பி எடுத்துக்கச் சொல்றேன்."

சாப்பாட்டு மணி அடித்ததும் ஜெசிந்தா வெளியே ஓடினாள். பூங்கொடி பின்னாலேயே போனாள். வேப்பமரத்தடியில் முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தாள் ஜெசிந்தா.

"நாளைக்கு நா செங்கல்பட்டு வரலடி. எல்லாரும் என்னையே பாக்குறாங்க."

"நீ வராம யாரு பேசறது? ஜான்சனா? ஆமைக்குப் பதிலா அவன் கிரிக்கெட்டைப் பத்திப் பேசிடுவான்."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. அதுதான் பூங்கொடியை உறுத்தியது. அந்த நகைச்சுவைக்கே சிரிக்காவிட்டால் நிஜமாகவே பெரிய வலிதான்.

ஜெசிந்தாவின் சாப்பாட்டுப் பையை எடுத்துவரப் பூங்கொடி கணினி அறைக்குப் போனாள். பை புதுசின் மேசையடியில் இருந்தது. குனிந்து எடுத்தபோது அவள் கை பக்கத்திலிருந்த மரப்பெட்டியில் பட்டது.

"யப்பா!" என்று கையை இழுத்துக்கொண்டாள். பெட்டி சுட்டது.

உப்புக்காற்று பட்டால் துருப்பிடிக்கும் என்று தலைமையாசிரியர் ஜானகிராமன் செய்துகொடுத்த பெட்டி அது. புதுசின் பிராசஸர் உள்ள பாகத்தை அதற்குள் வைத்து, கதவையும் இறுக்கமாகச் சாத்தியிருந்தார்கள். பழசோ மேசை மேல், மின்விசிறிக்கு நேர் கீழே, ஜன்னலோரமாக ஜாலியாக இருந்தது.

பூங்கொடி கதவைத் திறந்தாள். அடுப்பைத் திறந்தாற்போல் வெப்பம் முகத்தில் அடித்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து யோசித்தாள். ஜெசிந்தா கெடுத்திருந்தால், புதுசு முதலிலிருந்தே மெதுவாகத்தானே போயிருக்க வேண்டும்? முதலில் அது பாய்ந்ததே! போகப்போகத்தான் தளர்ந்தது. கொளுத்தும் வெயிலில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினால் நானும் அப்படித்தான் தளர்வேன்.

அவள் ஆசிரியர் அறைக்கு ஓடினாள். சார் கையில் போனை எடுத்துவிட்டிருந்தார்.

"சார், போன் பண்ணாதீங்க! இன்னும் ஒரே ஒரு போட்டி வைக்கலாம் சார். ரெண்டையும் மேசை மேல, ஒரே ஃபேனுக்குக் கீழ வெச்சு."

அவள் காரணத்தைச் சொல்லச் சொல்ல, சார் போனைக் கீழே வைத்தார். "அதிகமா சூடானா பிராசஸர் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். இது எனக்குத் தெரியும்மா. பெட்டியைத்தான் நான் யோசிக்கவே இல்ல!"

புதுசை வெளியே எடுத்து ஆறவிட்டார்கள். மறுபடியும் ஒரே வேலை. ஒரே நேரத்தில் பட்டன். பூங்கொடி மூச்சுவிடக்கூட மறந்து பார்த்தாள். பாதியைத் தாண்டியும் புதுசின் கோடு தயங்கவில்லை. பழசு பாதியை எட்டும்போது புதுசு வேலையை முடித்திருந்தது.

"ஜெயிச்சிடுச்சி!" என்று ஜான்சன் குதித்தான்.

"இரு. இன்னும் முடியல" என்றாள் பூங்கொடி. "சார், பழசைக் கொஞ்ச நேரம் அந்தப் பெட்டிக்குள்ள வெச்சுப் பாக்கலாமா?"

வைத்துப் பார்த்தார்கள். சிறிது நேரத்தில் பழசும் ஊர்ந்தது.

"பாவம், பழசுக்கும் மூச்சு வாங்குது சார். கதவைத் தொறங்க!" என்று பதறினான் ஜான்சன்.

பூங்கொடி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "ஜெசிந்தா இன்னும் மரத்தடியிலதான் கீறா. இந்தா, அவ சாப்பாட்டுப் பை. நீயே போய்க் குடுத்துட்டுச் சொல்லு."

ஜான்சன் தலையைச் சொறிந்தபடி போனான். வெகுநேரம் கழித்து, கையில் கடலை மிட்டாயோடு ஜெசிந்தாவும் பின்னால் அவனும் வந்தார்கள்.

"மன்னிச்சுக்கோன்னு சொன்னானா?" என்று காதோரம் கேட்டாள் பூங்கொடி.

"எங்கடி? 'இந்தா, துன்னு'ன்னான். அது இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் ஜெசிந்தா. மிட்டாயில் பாதியை உடைத்து நீட்டினாள்.

புதுசில் தயாரான படத்தைச் சார் ஒரு பென் டிரைவில் ஏற்றினார். சுற்றிலும் பார்த்துவிட்டு அதை ஜெசிந்தாவிடம் கொடுத்தார்.

"பத்திரம்மா. நாளைக்குக் காலையில நீதான் எடுத்துட்டு வரணும்."

பள்ளி விட்டு வீடு போகும் வழியில், ஜெசிந்தா மூடிய கையை ஒவ்வொரு தெருமுனையிலும் திறந்து பார்த்துக்கொண்டாள். தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா! பூங்கொடி, நாளைக்கு பஸ்ல ஜன்னல் சீட்டு உனக்குத்தாண்டி."