வட்டம் விழாத தட்டு

கிருமி வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்ததும் பழுத்த திராட்சை வாடை அடித்தது. மலேசியாவில், கிள்ளானை அடுத்த மேருவில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்துக்குள் யாரும் பழம் கொண்டுவருவதில்லை. சில புண்களில் வளரும் ஒரு கிருமியின் வாடை அது என்று ருமானாவுக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு அடர்த்தியாக, தொண்டைக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளும் தித்திப்பாக, பன்னிரண்டு வருஷ வேலையில் அவள் முகர்ந்ததில்லை.

அடியில் இருந்த தட்டை எடுத்தாள். கணவன் ஆசிமின் உள்ளங்காலிலிருந்து மூன்று நாளைக்கு முன் அவளே துடைத்தெடுத்த சீழில் வளர்ந்தது. துணிக்கடையில் ஊசி குத்திய சின்னப் புண்தான். இனிப்புநீர் வியாதி உள்ளவன். ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை வெட்டிவிடுவார்கள் என்று பிடிவாதம். அவனுடைய அத்தாவுக்கு அப்படித்தான் ஆயிற்று.

தட்டில் ஆறு வெள்ளை வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மருந்து கேட்டால், வில்லையைச் சுற்றிக் கிருமி செத்துத் தெளிவாக ஒரு வட்டம் விழும். ஜன்னல் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். முதல் வில்லையில் வட்டம் இல்லை. இரண்டாவதில் இல்லை. ஆறிலும் இல்லை. பச்சைப் படலம் வில்லைகளின் மேலேயே ஏறியிருந்தது.

"புஷ்பாக்கா, கொஞ்சம் பாருங்களேன்."

மூத்தவளான புஷ்பவல்லி அளவுகோலோடு வந்தாள். அளக்காமலே அதைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணுமே கேக்கலையே லா. இந்த ஆளு இன்னும் உயிரோடயா இருக்காரு?"

ருமானா கையுறையைக் கழற்றினாள். ஆசிமுக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும். மறுபடியும்.

கிள்ளான் சாலையில் கண்டெய்னர் லோரிகளுக்கு நடுவே கார் ஊர்ந்தது. அரைகுறை மருந்தில் கிருமி வலுத்துவிடும் என்று தெரிந்தும், வீட்டில் மிச்சமிருந்த பழைய மாத்திரைகளை, ரெண்டு இதில், மூணு அதில் என்று, அவள்தான் எடுத்துக் கொடுத்திருந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதாள்.

நடுப்பகல். வீடு அமைதியாக இருந்தது. கதவைத் திறந்து நின்றாள்.

"மச்சான்?"

உள்ளே காலடிச் சத்தம். மூன்று நாளாகக் கட்டிலைவிட்டு இறங்காதவன். நிதானமான நடை. நொண்டல் இல்லை.

குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சிரித்த முகத்தோடு வந்தான் ஆசிம்.

"வலியே இல்ல புள்ள. காலையிலேர்ந்து வீடு பூரா நடக்கிறேன். பாரேன்."

அவள் பார்த்தாள். வெள்ளைத் தரையில் அவன் வந்த வழி. ஒற்றைக் காலின் ஈரத் தடங்கள். பச்சை.

அறை வாசலில் விழுந்த தடத்தில் ஐந்து விரல்கள் இருந்தன.

அவள் முன்னால் விழுந்ததில் மூன்று.