படிப்பவர் முதலில்

கண் விழித்ததும் குழலி ஒரு வரி எழுதினாள்: இன்று அரைநாள் விடுப்பு, கல்யாண வேலை.

அந்த வரி அவள் அலுவலகத்தில் விண்ணப்பமாக விரிந்தது. மேலே ‘மதிப்பிற்குரிய’ வந்தது, கீழே ‘இப்படிக்கு’ வந்தது. அவள் அறைச் சுவரில் ஓர் எண்ணாகி, பிற்பகலுக்கு வேண்டிய காற்றைக் கூட்டிவைத்தது. சமையற்கூடத்தில் ஒரு தட்டு கூடியது. அவளை மணக்கப்போகும் நன்மாறனின் காதில் அவளுடைய குரலாக ஒலித்தது. ‘விடுப்பு’ என்ற சொல்லுக்கு இரு பக்கமும் அவள் இரட்டை நட்சத்திரம் போட்டிருந்ததால் குரல் அந்த இடத்தில் சற்று அழுத்தியது.

அவள் இன்னும் வாயைத் திறந்திருக்கவில்லை.

செம்பாறை செவ்வாயின் தரைக்கு அடியில் குடைந்த ஊர். மரம் கிடையாது. அதனால் தாளும் கிடையாது. அங்கே எல்லோரும் வெறும் எழுத்தைத்தான் எழுதினார்கள், நடுவே சில குறிகளோடு. ஒரு நட்சத்திரம் போட்டால் தலைப்பு, இரண்டு போட்டால் அழுத்தம், சிறுகோடு போட்டால் வரிசை. இதற்குக் குறியுரை என்று பெயர். அதை விண்ணப்பமாகவோ குரலாகவோ இயந்திரத்துக்கான கட்டளையாகவோ வார்த்துத் தருவது வார்ப்பி. ஒவ்வொருவர் கண்ணிலும் ஒட்டியிருக்கும் விழிப்படலத்தில் ஒரு சிறு வார்ப்பி உண்டு. சுவர்கள் குறியுரையை மட்டும் அனுப்பும். பார்வை மங்கியவருக்குப் பெரிய எழுத்தாகவும், அவசரக்காரருக்குச் சுருக்கமாகவும் படலம் அதைக் காட்டும். ஒரே எழுத்தை இரண்டு பேர் ஒரே மாதிரி பார்த்து அந்த ஊரில் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றவில்லை.

குழலி வார்ப்புத் துறையில் வேலை பார்த்தாள். புதிய குறிகளை உண்டாக்குவது அவள் வேலை.

அரைநாள் விடுப்பு கல்யாணப் பத்திரிகைக்காக. அதை எழுதுவதில் ஒரு சிக்கல் இருந்தது. சிக்கலுக்கு இரண்டு பெயர்கள். ஒன்று ஏகாம்பரம், அவளுடைய பெரியப்பா, வடக்குக் குகையில் நீர் ஆலையைப் பார்ப்பவர். மற்றது வேலாயுதம், அவளுடைய தாய்மாமன், தெற்குக் குகையிலிருந்து ஊர்தி ஓட்டுபவர்.

செம்பாறையில் ஒரு கல்யாணம் செல்லுபடியாக வேண்டுமென்றால் பெண்ணின் தந்தையோடு பிறந்த ஒருவரும் தாயோடு பிறந்த ஒருவரும் மண்டபத்துக்கு வந்து சாட்சிக்கல்லில் கை வைக்க வேண்டும். பெற்றோர் கை செல்லாது. குரல் செல்லாது, படமும் செல்லாது. எதையும் எதுவாகவும் வார்க்க முடிகிற ஊரில் கையை மட்டும்தான் நம்பினார்கள். குழலிக்குத் தந்தை வழியில் செவ்வாயில் இருந்தது ஏகாம்பரம். தாய் வழியில் வேலாயுதம். வேறு ஆளில்லை. இருவரில் ஒருவர் முறைத்துக்கொண்டாலும் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லையென்றால் இருவர் குடியிருக்கும் அறை இல்லை. மண்டபத்துக்கான காற்றை மறுபடி கேட்டு வாங்க ஒரு வருடம் ஆகும்.

குழலிக்குக் காது குத்தியபோது பத்திரிகையில் வேலாயுதம் பெயர் முதலில் வந்தது. ஏகாம்பரம் வந்தார், சாப்பிடாமல் போனார். தலைக்கு இவ்வளவு என்று பாசித் தொட்டியில் உணவு வளர்க்கும் ஊரில் அது பெரிய வசவு. பிறகு அவள் அப்பா கந்தவேல் புது அறைக்குக் குடிபோனபோது ஏகாம்பரம் பெயரை முதலில் போட்டார். வேலாயுதம் வாசல் வரைக்கும் வந்து, ஊர்தியை விட்டு இறங்காமலே திருப்பிக்கொண்டு போனார்.

“ரெண்டு பேர் பேரையும் ஒரே வரியில போடேன்” என்றாள் குழலியின் அம்மா சௌந்தரம்.

“ஒரே வரியிலயும் எடது பக்கம்னு ஒண்ணு இருக்கும்மா.”

“வட்டமாப் போடு.”

“அப்ப யாரு உச்சியிலன்னு கேப்பாங்க” என்றார் அப்பா கந்தவேல். அவர் இரண்டு முறையும் அனுபவப்பட்டவர்.

குழலி சிறிது நேரம் எழுதினாள், அழித்தாள். பிறகு பெயர்களுக்கு முன்னால் ஒரு வளையத்தைப் போட்டாள். அதுவரை எந்தக் குறியுரையிலும் இல்லாத குறி. அதற்குப் பொருளையும் அவளே எழுதினாள்: படிப்பவர் முதலில்.

“இந்தப் பத்திரிகைய யாரு படிக்கிறாங்களோ அவங்க பேரு முதல்ல வரும். பெரியப்பா பாத்தா பெரியப்பா. மாமா பாத்தா மாமா.”

கந்தவேல் யோசித்தார். “இது ஏமாத்து இல்லையா?”

“யாரு பேரையும் எடுக்கல, யாரு பேரையும் சேக்கல. எழுத்து ஒண்ணுதான். உருவம் மட்டும்தானப்பா வேற. காலையில என் விடுப்பு நாலு எடத்துல நாலு மாதிரிதான் போச்சு.”

“அது விடுப்பும்மா. இது உங்க பெரியப்பா.”

சௌந்தரம் மகள் பக்கம் சேர்ந்துகொண்டாள். பத்திரிகை போயிற்று.

முதலில் ஏகாம்பரத்தின் குரல் வந்தது. “கந்தா, பத்திரிகை பாத்தேன். பரவாயில்லடா, வயசாக வயசாக உனக்கும் புத்தி வருது. குடும்பத்தோட வர்றோம். சாப்பாட்டுக்கு ஆறு தலையாப் போட்டுக்க.”

வேலாயுதம் தங்கையிடம் பேசினார். “என்ன இருந்தாலும் எங்க ஆத்தா வயித்துல பொறந்தவதான நீ. தாய்மாமனை எங்க வைக்கணும்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. மாப்ளைய என் ஊர்தியிலதான் கூட்டிட்டு வருவேன், சொல்லிட்டேன்.”

சௌந்தரம் அன்று இரண்டு தரம் பாடினாள். வார்ப்புத் துறையில் குழலியின் வளையக் குறியைப் பற்றிக் கேள்விப்பட்ட தலைமை அதிகாரி, நிர்வாகக் குழுவின் அடுத்த அழைப்பிதழுக்கு அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கல்யாண நாள் வந்தது. மண்டபம் பழைய சுரங்கக் கூடம். சிவந்த பாறைச் சுவர். வாசலில் செயற்கைச் சந்தனம் ஒரு கிண்ணத்திலும் கல்கண்டு ஒரு தட்டிலும் இருந்தன. உள்ளே நுழையும் இடத்தில் பத்திரிகை பெரிதாகத் தெரிந்தது. வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அதைப் பார்த்து நிறைவோடு சிரித்தார்கள். கடைசியில் பெயர் போட்டிருந்த குழலியின் அலுவலகத் தோழிகள்கூட.

ஏகாம்பரமும் வேலாயுதமும் வாசலில் நேருக்கு நேர் வந்தார்கள்.

“வாங்க மச்சான்” என்றார் ஏகாம்பரம். கையைப் பிடித்தார்.

“நீங்க வாங்க மச்சான். எளைச்சுப் போயிட்டீங்களே” என்றார் வேலாயுதம். சந்தனக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார்.

அப்படி அவர்களை யாரும் பார்த்ததில்லை. ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டிருந்தார்கள். ஜெயித்தவர்களுக்கு மட்டும் வருகிற பெருந்தன்மை இருவர் முகத்திலும் இருந்தது. சௌந்தரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. குழலி மணக்கோலத்தில் நின்றபடி நன்மாறனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நன்மாறன் பனி வெட்டும் தளத்தில் வேலை செய்பவன், அதிகம் பேசாதவன். அவனும் உயர்த்தினான்.

ஏகாம்பரம் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு வேலாயுதத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“மனசுல வச்சுக்காதீங்க மச்சான். வரிசைன்னு ஒண்ணு இருந்தா ஒருத்தரு பின்னாடி வந்துதான ஆகணும்.”

வேலாயுதம் நெகிழ்ந்து போனார். “அட, அதத்தான் நான் உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டு வந்தேன். நீங்களே சொல்லிட்டீங்க. பெரிய மனசு.”

“நான் எதுக்கு மச்சான் மனசுல வைக்கப் போறேன்? என் பேருதான் முதல்ல இருக்கே.”

“எங்க?”

“அந்தா.”

“அங்க இருக்கிறது என் பேரு.”

தோள்களிலிருந்து கைகள் இறங்கின. இருவரும் சுவரைப் பார்த்தார்கள். சத்தமாகப் படித்தார்கள். ஒரே சுவர், ஒரே நேரம், இரண்டு வரிசை. பக்கத்தில் நின்ற ஒருவர் தானும் படித்துப் பார்த்துவிட்டு, ‘அதெப்படி, என் பேருல்ல முதல்ல இருக்கு’ என்றார். அவர் மாப்பிள்ளையின் சித்தப்பா.

ஏகாம்பரம் வடக்குச் சுவர் ஓரமாகப் போய் நின்றார். வேலாயுதம் தெற்குச் சுவர் ஓரமாக. சாட்சிக்கல் நடுவில் இருந்தது. மண்டபக் காவலர், ஒதுக்கிய காற்று முகூர்த்த நேரம் முடியும் வரைக்கும்தான் என்று கந்தவேலிடம் மெதுவாக நினைவுபடுத்தினார்.

“நான் அன்னைக்கே சொன்னேன்” என்றார் கந்தவேல்.

குழலி மாலையோடு வடக்குச் சுவருக்குப் போனாள்.

“பெரியப்பா, உங்க பேரு முதல்ல இருக்கா இல்லையா?”

“இருக்கு.”

“அப்புறம் என்ன?”

“அந்தாளுக்கும் இருக்கே.”

“அவருக்கு இருந்தா உங்களுக்கு என்ன கொறையுது?”

ஏகாம்பரம் அவளை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “என் பேரு முதல்ல இருந்தாப் போதுமாடா கண்ணு? அவன் பேரு ரெண்டாவதா இருக்க வேணாமா?”

தெற்குச் சுவரிலும் அதே பதில் கிடைத்தது. வேலாயுதம் கூடுதலாக ஒன்று சொன்னார்: “எல்லாருக்கும் ஒண்ணாக் காட்டுற மாதிரி ஒரு பத்திரிகை போடு. அதுல தெரிஞ்சிரும், யாரு யாருன்னு.” ஏகாம்பரம் அந்தப் பக்கத்திலிருந்து, “போடச் சொல்லு. நானும் அதத்தான் கேக்கிறேன்” என்றார். பல வருடங்களில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

குழலி யோசித்தாள். எல்லோருக்கும் ஒன்றாகக் காட்டுகிற குறி குறியுரையில் இல்லை. யாரும் கேட்டதில்லை. எந்தச் சுவரில் எழுதினாலும் படலங்கள் அதை அவரவருக்கு ஏற்ப வார்த்துவிடும்.

அவள் சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். பத்திரிகையை அணைக்கச் சொன்னாள். வெறும் சிவப்புப் பாறை தெரிந்தது. விரலைச் சந்தனத்தில் தோய்த்து, பாறையில் எழுதத் தொடங்கினாள். படலங்களுக்கு அது எழுத்தாகத் தெரியவில்லை. சுவரில் பட்ட அழுக்கு என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டன.

எழுத்தை விரலால் வரைந்து அவளுக்குப் பழக்கமில்லை. எழுத்துகள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்தன. பழக்க தோஷத்தில் தலைப்புக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டாள்.

* குழலி, நன்மாறன்
கல்யாணம்
எல்லாரும் வாங்க

அவ்வளவுதான். கந்தவேல் அவள் காதருகே வந்தார். “பேரெல்லாம் எங்க? ரெண்டு பேரும் வெளியவே போயிருவாங்க.”

குழலி கையைத் துடைத்துக்கொண்டாள்.

ஏகாம்பரம் வந்தார். கிட்டே நின்று படித்தார், தள்ளி நின்று படித்தார். அந்தப் பக்கமிருந்து வேலாயுதமும் வந்தார். இருவரும் முதல் முறையாக ஒரே எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆரம்பத்துல அது என்ன?” என்றார் ஏகாம்பரம்.

“பூ, பெரியப்பா.”

“ம். பேரு யாரோடதும் இல்லையே?”

“எங்க பேரு இருக்கு.”

“உங்க பேரு சரி. என் பேரு?”

“இல்ல.”

ஏகாம்பரம் சுவரை இன்னொரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“அந்தாளு பேரு?”

“அதுவும் இல்ல, பெரியப்பா.”

“எங்கயுமே இல்லையா? கீழ, சின்னதா?”

“எங்கயுமே இல்ல.”

வேலாயுதமும் அதற்குள் அதே தேடலை முடித்திருந்தார். தங்கையிடம் எதையோ கேட்டார். சௌந்தரம் இல்லை என்று தலையாட்டினாள்.

“அப்ப சரி” என்றார் ஏகாம்பரம்.

“சரிதான்” என்றார் வேலாயுதம். “இதுதான் மொறை.”

இருவரும் சாட்சிக்கல்லுக்கு நடந்தார்கள். கல்லில் கை வைக்கும்போது யார் முதலில் என்ற கேள்வி வந்திருக்கும். காற்று முடியப்போகிறது என்று காவலர் மணி அடித்ததால் அவசரத்தில் இரண்டு கைகளும் சேர்ந்தே விழுந்தன. கல் பச்சையாக ஒளிர்ந்தது. குழலிக்கும் நன்மாறனுக்கும் பள்ளத்தாக்கின் சரிவை ஒட்டிய மேற்குக் குகையில் இருவர் அறை ஒன்று அந்தக் கணமே ஒதுக்கப்பட்டது. நன்மாறன் அன்றைய தன் ஒரே வாக்கியத்தைச் சொன்னான்: “ஜன்னல் இருக்கிற அறையாம்.”

வார்ப்புத் துறைத் தலைமை அதிகாரி, தன் அழைப்பிதழிலிருந்து வளையக் குறியை எடுத்துவிடும்படி அங்கிருந்தே ஒரு வரி எழுதினார். பிறகு தானும் சந்தனச் சுவர் முன் வந்து நின்று, இல்லாத பெயர்களை நிம்மதியாகப் படித்தார்.

பந்தியில் ஏகாம்பரமும் வேலாயுதமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவர் இளைத்ததைப் பற்றி ஒருவர் மறுபடி விசாரித்தார்கள். பாயசம் வந்தது. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு, தன் தட்டைப் பார்க்காமல் அடுத்தவர் தட்டைப் பார்த்தார்கள்.

பரிமாறும் இயந்திரத்துக்கு இரண்டு கைகள் இருந்தன; இரண்டு தட்டிலும் பாயசம் ஒரே நேரத்தில் விழுந்தது. இரண்டு கை எதற்கென்று அதுவரை யாரும் யோசித்ததில்லை.