பெரிய எழுத்து யாருக்கு

விடிந்ததும் விடியாததுமாக மூத்த மருமகளுக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. காரணம் சின்ன மருமகள்தான், வேறு யார்?

"அக்கா, இன்னைக்கு எனக்கு லீவு. அத்தையை பைபிள் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். பெரிய எழுத்துல ஒண்ணு வேணுமாம்," என்றாள் அவள், தலை வாரிக்கொண்டே.

பெரிய எழுத்தா? அப்படியானால் அத்தை இனி தானே வாசித்துக்கொள்வாள். வாசித்துக் காட்ட ஆள் எதற்கு?

அத்தைக்குக் கண்ணில் புரை விழுந்த நாளிலிருந்து, காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பைபிளிலிருந்து சங்கீதம் வாசித்துக் காட்டுவது மூத்தவள்தான். மற்ற நேரமெல்லாம் அடுப்படி, தையல் மெஷின். கொழுந்தனைப் படிக்க வைக்க அவள் தூங்காமல் தைத்த ராத்திரிகளுக்குக் கணக்கே கிடையாது. அந்த வீட்டில் தனக்கென்று அவள் வைத்துக்கொண்டது கட்டில் ஓரத்து இடம் ஒன்றைத்தான். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் சின்னவள் வந்தாள். வந்த சூட்டோடு அத்தைக்கு ஆபரேஷன் செய்து வைத்து நல்ல பெயர் வாங்கினாள். இப்போது அந்த இடத்துக்கும் உலை வைக்கிறாள்!

"நானும் வரேன்," என்றாள் மூத்தவள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"நீ வராம எப்படிம்மா?" என்றாள் அத்தை. அதுவும் அவளுக்குக் குத்தலாகத்தான் பட்டது.

கடைக்காரர் சில புத்தகங்களை மேஜையில் பரப்பினார். ஒன்றில் எழுத்து பெரிதுதான். ஆனால் தாள் மெலிசு, பின்பக்கத்து மை தெரிந்தது. இன்னொன்று கைக்கு அடக்கம், ஆனால் புதிய ஏற்பாடு மட்டும், சங்கீதம் அதில் இல்லை. முழு வேதாகமமாக இருந்ததோ செங்கல் கனம் கனத்தது.

அத்தை அந்தக் கனமானதைத் திறந்து மூத்தவள் பக்கம் தள்ளினாள். "வாசிச்சுப் பாரு."

அவ்வளவுதான், காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது.

"நான் எதுக்கு அத்தை? உங்க சின்ன மருமகளைக் கேளுங்க. கண்ணைக் குடுத்தவ அவதானே... நான் வெறும் வாய். கண்ணு வந்ததும் வாய் வேண்டாதது ஆயிருச்சு..."

கடைக்காரர் நாசூக்காக அடுத்த அலமாரிக்கு நகர்ந்துகொண்டார். அத்தை கோபப்படவில்லை.

"எனக்கு வீட்டுல இருக்கிற பழசே இப்ப நல்லாத் தெரியுதும்மா. கட்டு அவிழ்த்த மறுநாள், நீ வாசிக்கிறப்ப எட்டிப் பார்த்தேன். ரெண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிட்டே. உன் கண்ணு முன்னால இருந்தது வேற சங்கீதம். வாய் மட்டும் ஒரு சொல் பிசகாம விட்ட இடத்துலேர்ந்து சொல்லிக்கிட்டே போச்சு... எவ்வளவு காலமா மனப்பாடமா சொல்லிட்டு இருக்கே?"

மூத்தவள் திறந்திருந்த பக்கத்தை விரலால் தடவினாள்.

"எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது அத்தை... சொன்னா வாசிக்கிற வேலையையும் இவகிட்ட குடுத்துருவீங்கன்னுதான்..."

"என் மகன் படிப்புக்காக ராத்திரி ராத்திரியா ஊசி கோத்த கண்ணு அது. எனக்குத் தெரியாதா? இந்தப் புத்தகம் உனக்குத்தான்." அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வாசிக்கக் கண்ணு இருக்கு. நீ வாசிச்சுக் கேட்டாத்தான் எனக்குப் பொழுது விடியுது."

அத்தையின் தோளில் முகம் புதைத்து அவள் விசும்பினாள்.

"உங்களுக்குன்னு சொன்னா வரமாட்டீங்க. அதான் அத்தைக்குன்னு பொய் சொன்னேன்," என்று சின்னவள் மெல்ல வாய் திறந்தாள். "அப்படியே எங்க கடைக்கும் வந்து கண்ணைக் காட்டுங்க அக்கா."

இவளைப் போய்க் கரித்துக் கொட்டினோமே என்று மூத்தவள் கூசிப்போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை வாசித்தாள். எழுத்து அசையாமல் நின்றது.

"ரொம்பக் கனமாச்சே, மடியில தாங்குமா?" என்றாள் சின்னவள்.

"கட்டில் மேலயே விரிச்சு வச்சுக்குவோம். அத்தையும் கூடவே பார்க்கலாம்."

"நானும் காலையில வந்து உக்காந்து கேக்கட்டுமா அக்கா?"

மூத்தவள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "வா. ஆனா நாற்காலி கொண்டு வந்து போட்டுக்கோ. கட்டில் ஓரம் என் இடம்."